பாஷா, டாஷா? லினக்ஸில் நடந்த ஒரு ஷெல் மாற்றம்

லினக்ஸ் பயன்படுத்துபவர்களில் பலருக்கு ஷெல் என்றால் பாஷ்தான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் பதில் சொல்வது அது. ஆனால் ஷெல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இயங்குதளத்தின் உள்வேலைகளுக்கான ஸ்கிரிப்டுகளையும் ஒரு ஷெல்தான் ஓட்ட வேண்டும். யுனிக்ஸ் வழக்கப்படி அதற்கு 'எஸ்எச்' என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த நிரலை வைப்பது என்பதில்தான் பிரச்சினையே.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1979-ல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. 'எஸ்எச்' என்ற பெயர் அதனுடையதானது. 1989-ல் இரண்டு மாற்றுகள் பிறந்தன. குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதியது பாஷ். கென்னத் ஆம்க்விஸ்ட் எழுதியது ஆஷ். பாஷில் வசதிகள் குவிந்தன. ஆஷ் சிறியதாகவே இருந்தது. 1992-ல் போசிக்ஸ் தரம், ஒரு ஷெல்லில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் 'எஸ்எச்' இடத்தில் பாஷையே வைத்தன. அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பாஷ் பெரியது, வேகம் குறைந்தது. அதன் கையேடே இதைக் குறைகள் பகுதியில் ஒப்புக்கொள்கிறது! கணினி துவங்கும்போது ஷெல் திரும்பத் திரும்ப அழைக்கப்படும். ஒவ்வொரு முறையும் வீணாகும் சிறு நேரம் கூடிக்கொண்டே போகும்.

ஆஷை 1997-ல் டெபியனுக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஷூ. 2002-ல் அதற்கு டாஷ் என்று பெயர் மாறியது. 2006 அக்டோபரில் உபுண்டு 6.10 துணிந்து 'எஸ்எச்' இடத்தில் டாஷை வைத்தது. பயனர் தட்டச்சு செய்யும் முனையத்தில் பாஷே தொடர்ந்தது.

உடனே பல ஸ்கிரிப்டுகள் உடைந்தன. காரணம் எளிது. முதல் வரியில் 'எஸ்எச்' என்று எழுதிவிட்டு, உள்ளே இரட்டைச் சதுர அடைப்பு, அணிகள் போன்ற பாஷுக்கே உரிய வசதிகளைப் பலர் பயன்படுத்தியிருந்தார்கள். இவற்றுக்கு 'பாஷிசம்' என்று கேலியாகப் பெயர். நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று ஓடவில்லை என்றால் கோபம் வராதா? ஆனால் தவறு டாஷில் இல்லை. 'எஸ்எச்' என்பதே பாஷ்தான் என்று எல்லோரும் நம்பிவிட்டதுதான் தவறு.

டெபியன் அவசரப்படவில்லை. பாஷிசங்களைக் கண்டுபிடிக்க 'செக்பாஷிசம்ஸ்' என்ற கருவி உதவியது. போசிக்ஸ் தரத்தோடு, அதில் இல்லாத 'லோக்கல்' போன்ற மிகச் சில வசதிகளை மட்டும் டெபியன் விதிமுறை அனுமதித்தது. தொகுப்புகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6-ல் டாஷ் 'எஸ்எச்' ஆனது.

வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேறொரு நாளில் கைகொடுத்தது. 2014 செப்டம்பரில் பாஷில் 'ஷெல்ஷாக்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானது. சூழல் மாறிக்குள் ஒளித்து அனுப்பிய கட்டளையை, துவங்கும்போதே பாஷ் இயக்கிவிடும். சி மொழி நிரல்கள் 'சிஸ்டம்' என்ற செயற்கூறு வழியாகக் கட்டளை கொடுத்தால் அது போவது 'எஸ்எச்'சுக்கு. அங்கே பாஷ் இருந்த வழங்கல்களில் இந்த வழியாகவும் தாக்க முடிந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் அங்கே டாஷ் இருந்ததால் அந்த ஒரு வாசல் மூடியிருந்தது. மற்ற வாசல்களை அடைக்க அவர்களும் பாஷைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது.

பின்னர் சிஸ்டம்டி வந்து, துவக்க ஸ்கிரிப்டுகளில் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்கியது. ஆகவே துவக்க வேகம் என்ற பழைய காரணம் தேய்ந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வழங்கல்களிலும் 'எஸ்எச்' இன்றும் டாஷ்தான். மனிதர் தட்டச்சு செய்யும் ஷெல்லுக்கு வசதிகள் வேண்டும். அடித்தளத்தில் இருக்கும் ஷெல்லுக்குச் சொன்னதை மட்டும் செய்தால் போதும். இந்த வித்தியாசம் புரிய, சில ஆயிரம் ஸ்கிரிப்டுகளைத் திருத்த வேண்டியிருந்தாலும் நஷ்டமில்லை.