கடுகண்ணாவை ஏற்றமும் அதற்கேற்ற ஊர்தியும்

மலைநாட்டிற் செல்வார்க்கு வழியைப் போலவே ஊர்தியும் பெருங் கவலையாகும். சமவெளியிலே எந்த வண்டியும் ஓடும். மலையோ தனக்கு ஏற்றதை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். பனிமலை நாடுகளிலே சறுக்குப் பலகை தெரிந்தெடுப்போர், முன்னும் பின்னும் செல்லத்தக்கவாறு இரு நுனியும் மேல்நோக்கி வளைந்த பலகையையும், ஏறும்போது குதிகாலை விடுவித்து இறங்கும்போது இறுகப் பற்றும் பிணைப்பையும் நாடுவர். ஏற உதவுவது இறங்கவும் உதவ வேண்டும் என்பதே அவர்கள் கொள்ளும் இலக்கணம். பனியே காணாத கண்டி மாநகரின் வாயிலிலும் இதே வினா நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே கடுகண்ணாவைக் கணவாயின் வரலாறாகும்.

கண்டி மன்னர் அளித்த விடை விந்தையானது. நல்ல வழி எதுவும் வேண்டாம் என்பதே அது. ஒற்றையடிப் பாதைகளை அவர்கள் அகலப்படுத்தவில்லை. காட்டையும் மலையையும் கோட்டையாகக் கொண்டு, வழிகளின் குறுக்கே முட்கதவுகளை அமைத்துக் காவல் வைத்தனர். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய காவல்களைப் பற்றி எழுதிவைத்துள்ளார். இவ்வேற்பாட்டின் வலிமையைப் போர்த்துக்கேயர் 1594இல் தந்துறையிலும், 1638இல் கன்னொறுவையிலும் தம் படைகளை இழந்து அறிந்தனர். பீரங்கியும் பாரவண்டியும் ஏறமுடியாத வழியே கண்டியின் கவசமாயிற்று.

ஆயினும் மக்கள் உண்ண உப்பு வேண்டும். உப்போ கடற்கரையிலே விளைவது. அதனை மலைமேற் கொணர்ந்தது தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டம். முதுகின் இருபுறமும் மூட்டை தொங்க, ஒன்றன்பின் ஒன்றாக நடந்த மாடுகள் உப்பையும் கருவாட்டையும் துணியையும் ஏற்றிச் சென்று, பாக்கும் பிற மலைப்பொருளும் சுமந்து திரும்பின. வண்டி செல்லாத வழியிலே கால் செல்லும். ஏறினாலும் இறங்கினாலும் மாட்டின் குளம்பு ஒன்றே. தம் வழிக்கு ஏற்ற ஊர்தியை அக்காலத்தவர் நன்கு தெரிந்திருந்தனர்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817இல் மூண்ட கிளர்ச்சி, பாதையின்றி மலைநாட்டை ஆள இயலாது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. எட்வேட் பாண்ஸ் தேசாதிபதியாயிருந்த காலத்திலே, கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்தது. கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்து அத்தெருவை நடத்தினர். 1829இல் டோசன் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. 1832இல் குதிரை பூட்டிய தபால் வண்டி இவ்வழியே ஓடத் தொடங்கியது. ஆனால் அத்தெருவைச் செப்பனிட்ட கைகளோ பெரும்பாலும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட குடிமக்களின் கைகள். அவர்கள் பெயரைக் கோபுரம் எதுவும் சுமக்கவில்லை. அவ்வூழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது.

தெரு வந்தபின் கோப்பி வந்தது. கண்டியைச் சூழ்ந்த குன்றுகளிலே காடழித்துத் தோட்டமிட்ட துரைமார், தம் விளைவை மாட்டு வண்டிகளிற் கொழும்புக்கு அனுப்பினர். மழைக்காலத்திலே வண்டி சேற்றிற் புதையும். மாட்டுக்கு நோய் வந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். எனவே இருப்புப்பாதை வேண்டும் என்னும் குரல் எழுந்தது. அதற்கென 1845இல் ஒரு கம்பனி தோன்றியது. 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வோட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கினார். ஆயினும் மலையின் உண்மையான அளவு தெரியவந்தபோது, செலவு முதல் மதிப்பீட்டைப்போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. 1861இல் அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. பம்பாய் – தானா இருப்புப்பாதை வேலையில் அனுபவம் பெற்ற பேவியல் ஒப்பந்தகாரரானார். மோல்ஸ்வேத் பொறியியல் மேற்பார்வையை ஏற்றார். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது.

இங்கே பொறியியலாளர் எதிர்கொண்ட இடர் யாதெனின், இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 12 மைல் தூரத்திலே பாதை சுமார் 1,400 அடி உயர வேண்டியிருந்தது. அஃதாவது 45 அடி ஓடினால் ஓரடி ஏற்றம். தெருவிலே செல்வோர்க்கு இஃது ஓர் ஏற்றமே அன்று. இருப்புப்பாதைக்கோ பெருஞ்சோதனை. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியிலே நன்மை தரும் அக்குணமே மலையிலே தீமையாகின்றது. மழையில் நனைந்த தண்டவாளத்திலே சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனாற் சாரதி தண்டவாளத்தின்மீது மணலைத் தூவிப் பிடிப்பு உண்டாக்குவார். அலகல்லை மலையின் சரிவைப் பற்றிச் செல்லும் இப்பாதை, ஓரிடத்திலே செங்குத்தான பாறையின் விளிம்பிலே தொங்குவதுபோல் வளைகின்றது. அன்று அரசனுடைய காவலர் பகைவரை நோக்கியிருந்த பலனைக் கணவாய்க்கு அருகே இன்று பலனை என்னும் புகையிரத நிலையம் உள்ளது.

ஏறுவதைக்காட்டிலும் இறங்குவது அச்சம் தருவது. பெட்டிகளைப் பிணைக்கும் கொளுக்கி அறுந்தால் பின்பகுதி தானே உருண்டோடும். இதனைத் தடுக்க, முன்னே ஓர் எஞ்சின் இழுக்கப் பின்னே மற்றோர் எஞ்சின் தள்ளும் முறை கையாளப்பட்டது. வண்டிகள் யாவற்றையும் ஒருங்கே நிறுத்தும் வெற்றிடப் பிறேக்கும் இத்தகைய பாதைகளுக்கு உயிர்க்காவலாகும். அதன் குழாய் அறுபடுமாயின் காற்று உட்புகுந்து, எவரும் தொடாமலே சக்கரங்களை இறுக்கிவிடும். பழுதுற்ற வேளையிலே தானாகக் காக்கும் பிணைப்பே மலைக்கு உகந்த பிணைப்பு.

பாரம் பெருகவே வலிமை மிக்க எஞ்சின் தேவையாயிற்று. பருமனான எஞ்சின் வளைவிலே திரும்பாது. அதன் கனத்தைச் சில சக்கரங்களே தாங்கினால் தண்டவாளமும் பாலமும் பொறா. இவ்விரு தடையையும் நீக்கியது கராட் எஞ்சின். ஹேபேட் வில்லியம் கராட் என்பார் 1907இல் உரிமை பெற்ற அவ்வமைப்பை, மான்செஸ்டர் நகரத்துப் பெயர் பீக்கொக் நிறுவனம் உருவாக்கியது. நடுவே ஒரு பெருங்கொதிகலன். அதன் இரு முனையிலும் தனித்தனியே திரும்பத்தக்க இரு சக்கரத் தொகுதிகள். இதனாற் கனம் பல சக்கரங்களுக்குப் பகிரப்பட்டது, வளைவும் எளிதாயிற்று. முன்பின் என்னும் வேறுபாடின்றி இருதிசையிலும் ஓடுதல் அதன் தனிச்சிறப்பு. 1920களின் இறுதியில் இலங்கையின் அகலப்பாதைக்கு வந்த இவ்வினம், 1945இல் மேலும் சில எஞ்சின்களாற் பெருகிற்று. 1950களின் நடுப்பகுதியிலே கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் வந்தன; அந்நாட்டின் மாகாணப் பெயர்கள் சிலவற்றுக்கு இடப்பட்டன. கரியும் நீரும் வேண்டாத அவ்வெஞ்சின்களின் வரவோடு நீராவியின் காலம் மெல்ல மறைந்தது.

இவ்வளவு நுணுக்கமாக ஊர்தி தேடப்பட்டது கோப்பிக்காக. அக்கோப்பியைப் பறித்த தமிழ்த் தொழிலாளர் எவ்வாறு வந்தனர்? தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தே வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். கோப்பி மூட்டைக்கு 1867இல் இருப்புப்பாதை கிடைத்தது. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்ததோ 1914இல். இடைப்பட்ட 47 ஆண்டுகளை வரலாறு கற்போர் மறத்தலாகாது. கோப்பியோ 1869 முதற் பரவிய இலைநோயால் அழிந்தது. புகையிரதம் கண்டியை அடைந்த அதே 1867இல், லூல்கந்துறையிலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலையே பின்னர் அப்பாதைக்குப் பாரம் அளித்தது.

கடுகண்ணாவையிலே 2014இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்திலே பழைய எஞ்சின்கள் ஓய்ந்து நிற்கின்றன. அருகே டோசன் கோபுரமும் குடைந்த பாறையும் உள்ளன. பெருமழையிலே மண்சரிந்து பாதையை மறிக்கும்போதெல்லாம், மலை இன்னும் முற்றாகப் பணியவில்லை என்பது தெளிவாகின்றது. மலைக்கு ஏற்ற ஊர்தியைத் தெரிந்தெடுப்போர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளந்தால் மட்டும் போதாது; சுமை யாருடைய தோளிலே தங்குகின்றது என்பதையும் அளத்தல் வேண்டும். தவளத்து மாடும், இராசகாரியக் குடியானவனும், வடபாதையிலே நடந்த தொழிலாளியும் சுமந்த பின்னரே கண்டிக்கு எஞ்சின் ஏறியது.