மேசையைச் சுற்றி நாலு பேர்: பலகை விளையாட்டுகளின் வரலாறும் நமதூர் இரவுகளும்



வியாழன் இரவுகளில் இஷாத் தொழுகைக்குப் பின் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது ஊரில் பலருக்குத் தெரியும். ஆசிரியர்கள் சிலர், ஒரு தையல்காரர், ஒரு மீன் வியாபாரி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர். ஒரு கெரம் போட், ஒரு செஸ் பலகை, சோடா மூடிகளைக் காய்களாக வைத்து விளையாடும் ஒரு டாம் பலகை, ஒரு போத்தல் பிளேன்டீ. பத்தரை மணிக்குள் கலைந்துவிடுவோம்.

இது பற்றிச் சில வாரங்களாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் இரவில் உட்கார்ந்து காய் நகர்த்தலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நம்மவர்கள்தான், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஊரிலுள்ள ஒரு வாசிகசாலையில் இளைஞர்கள் விளையாடிய கெரம் போட்டும் இதே பேச்சினால் அண்மையில் அகற்றப்பட்டது. எனவே இதற்கு ஒரு வரியில் பதில் எழுதாமல், வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். ஏனெனில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருடங்களுக்கு மேல் வயதாகிறது.

செஸ்ஸில் இருந்து தொடங்குவோம். சதுரங்கம் என்றால் நான்கு அங்கங்கள்: யானை, குதிரை, தேர், காலாள். ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவில் உருவாகி, பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது அரபிகள் அதைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாரசீக உச்சரிப்பின் முதல் ஒலியும் கடைசி ஒலியும் அரபு மொழியில் இல்லை. அதனால் அது 'ஷத்ரஞ்ச்' ஆனது. ராஜா 'ஷாஹ்', மந்திரி 'ஃபிர்ஸான்', யானை 'ஃபீல்', தேர் 'ருக்' ஆயின. ஆட்டம் முடியும்போது சொல்லும் 'ஷாஹ் மாத்' என்பதைத்தான் ஆங்கிலேயர் 'செக்மேட்' என்கிறார்கள். இன்று ஆங்கிலத்தில் பிஷப் எனப்படும் காயை ஸ்பானியர் இன்னும் 'அல்ஃபில்' என்றே அழைக்கிறார்கள். அது நமது குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிந்த 'அல் ஃபீல்', அதாவது யானை.

பாக்தாதில் இந்த விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. அல் அத்லீ என்பவர் 9ஆம் நூற்றாண்டில் இதற்கென ஒரு நூலே எழுதினார். அவரை அர் ராஸீ என்ற இன்னொரு ஆட்டக்காரர் கலீஃபா முதவக்கிலின் முன்னிலையில் தோற்கடித்தார். அந்த நூல்களின் பெயர்களை 10ஆம் நூற்றாண்டின் பாக்தாத் புத்தக வியாபாரி இப்னு நதீம் தன் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலில் பதிந்து வைத்திருக்கிறார்.

அவர்களுக்குப் பின் வந்தவர்தான் பெரியவர்: அபூ பக்ர் அஸ் ஸூலீ. கலீஃபா முக்தஃபியின் (902 – 908) அவையில் இருந்த ஆட்டக்காரரை வென்று பெயர் பெற்றார். ஆனால் செஸ் மட்டும் அவருடைய தொழில் அல்ல. அவர் வரலாறு எழுதினார், கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்தார், பின்னாளில் கலீஃபாவான அர் ராழிக்கு ஆசிரியராகவும் இருந்தார். அந்த மாணவர் ஆட்சிக்கு வந்த பிறகு (934 – 940) நண்பர்களோடு ஒரு தோட்டத்தில் உலாவினார். எல்லோரும் பூக்களைப் புகழ்ந்தபோது, இவற்றை விட ஸூலீ செஸ் ஆடுவதே அழகு என்று அவர் சொன்னதாக மஸ்ஊதி எழுதுகிறார். ஓர் ஆசிரியருக்கு மாணவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

ஸூலீ ஒரு புதிரையும் விட்டுச் சென்றார். பலகையில் நான்கே காய்கள்தான், ஆனால் விடை யாருக்கும் பிடிபடவில்லை. ஆயிரம் வருடங்களுக்கும் மேல் கழித்து, 1980களில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவர்பாக் அதற்கு விடை கண்டார். பாக்தாதில் காய்களை அடுக்கிவைத்தவருக்கு மொஸ்கோவிலிருந்து பதில் நகர்வு வந்து சேர இவ்வளவு காலம் எடுத்தது.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஊரில் பேச்சு எழுந்தது இதனால்தானே.

சூதாட்டம் ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஸூரா அல் மாஇதாவின் 90ஆவது வசனம் மதுவோடு சேர்த்தே அதைத் தடுக்கிறது. 'நர்த்' என்ற பகடை விளையாட்டைக் கடுமையாகக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இதனால்தான் எங்கள் மேசையில் லூடோ இல்லை. ஆனால் ஷத்ரஞ்ச் பகடையால் நடப்பதல்ல, யோசனையால் நடப்பது. இங்கேதான் அறிஞர்கள் பிரிந்தார்கள். ஏனைய மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் அதையும் தடுத்தார்கள். நமது நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், அது மக்ரூஹ், ஹராம் அல்ல என்பதே நிலைப்பாடு. இமாம் நவவி (ரஹ்) அதன் எல்லையையும் சேர்த்தே சொன்னார்கள்: தொழுகை தவறினாலோ, பணயம் வைத்து ஆடினாலோ அது ஹராமாகிவிடும். தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே ஷத்ரஞ்ச் ஆடுவார்கள் என்ற செய்தியும் ஷாஃபிஈ நூல்களில் வருகிறது.

நாங்கள் ஃபத்வா கொடுக்க வரவில்லை, அதற்கு ஊரில் உலமாக்கள் இருக்கிறார்கள். வரலாற்று மாணவர்களாக ஒன்றை மட்டும் கவனிக்கிறோம். நமது இமாம்கள் மரப்பலகையோடு வழக்காடவில்லை. அந்தப் பலகையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். காசு கைமாறுகிறதா? பாங்கு சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறார்களா? வாயில் கெட்ட பேச்சு வருகிறதா? இவைதான் அவர்களுடைய கேள்விகள்.

இரவில் கூடி விளையாடுவது பற்றிய பெரிய வழக்கு இஸ்தான்புல்லில் நடந்தது. 1550களின் நடுவில் அலெப்போவிலிருந்து ஒருவரும் திமிஷ்கிலிருந்து ஒருவரும் வந்து அங்கே கோப்பிக் கடைகள் திறந்தார்கள். உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்செவி அந்தக் கடைகளின் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு மூலையில் புத்தகம் வாசிக்கிறார்கள், இன்னொரு பக்கம் செஸ் ஆடுகிறார்கள், வேறு சிலர் புதிதாக எழுதிய கவிதையைக் கொண்டுவந்து கருத்துக் கேட்கிறார்கள். பதவிக்காகக் காத்திருந்த காழிமாரும் மத்ரஸா ஆசிரியர்களும்கூட அங்கே வந்தார்கள். கொஞ்ச நாளில் முறைப்பாடு கிளம்பியது: சனங்கள் கோப்பிக் கடைக்குப் பழகிவிட்டார்கள், பள்ளிவாசலுக்கு ஆள் வருவதில்லை!

நமதூரில் கேட்ட வசனம் மாதிரி இருக்கிறதல்லவா? தடைகள் வந்தன. சுல்தான் நான்காம் முராத் 1633இல் கோப்பிக் கடைகளை மூடவே உத்தரவிட்டார். ஆனால் கடைகள் திரும்பவும் திறந்தன. ஏனெனில் வேலை முடிந்த மனிதனுக்கு வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் நாலு பேரோடு உட்கார ஓரிடம் தேவைப்பட்டது. அந்த இடத்தை மூடினால் தேவை மறைந்துவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் கட்டுரையின் சாரம் இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பலகை விளையாட்டு, ஒன்றாக உட்காராதவர்களை உட்கார வைத்தது. 1283இல் கஸ்டீல் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ செவில் நகரில் ஒரு விளையாட்டு நூலை எழுதி முடிக்கச் செய்தார். அதன் ஓவியங்களில் ஒன்றில் ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் கூடாரத்துக்குள் எதிரெதிரே அமர்ந்து செஸ் ஆடுகிறார்கள். இரண்டு தரப்பும் போரில் மோதிய காலம் அது. அதே நூலில் 'அல்கெர்கே' என்ற விளையாட்டும் வருகிறது. அரபு 'அல் கிர்க்' என்பதிலிருந்து வந்த பெயர். 25 புள்ளிகள், ஆளுக்கு 12 காய்கள், எதிரியின் காயைத் தாண்டிக் குதித்து வெட்டுவது. இந்த வெட்டு முறையைச் செஸ் பலகைக்கு மாற்றியதில்தான் நமது டாம் பிறந்தது என்பது விளையாட்டு வரலாற்றாளர்களின் பொதுவான கருத்து.

டாம் என்ற பெயரையும் கவனியுங்கள். போர்த்துக்கேயர் 'தாமாஸ்' என்பார்கள், ஒல்லாந்தர் 'டாம்' என்பார்கள். துருக்கியிலும் அரபு நாடுகளிலும் அது 'தாமா'. சிங்கள அயலவர்கள் சித்திரைப் புத்தாண்டில் ஆடுவதும் 'தாம்'. சிங்களக் கிராமத்திலிருந்து எங்கள் ஊருக்கு மரக்கறி கொண்டுவரும் ஐயா ஒருவர், மொழி அரைகுறையாக இருந்தாலும், இந்தப் பலகையில் எங்களை வெட்டித் தள்ளுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

கெரம் இவற்றில் இளையது. நமது துணைக்கண்டத்தின் பிள்ளை. 74 சென்ரிமீற்றர் சதுரப் பலகை, 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு ராணி, 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கர். சர்வதேச கெரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் உருவானது. 1991இல் நடந்த முதலாவது உலகச் சம்பியன் போட்டியை வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் வென்றவர் காஸிமா என்ற 17 வயதுப் பெண். சென்னையில் ஓட்டோ ஓட்டும் ஒரு வாப்பாவின் மகள். 'கெரம் விளையாடி என்ன கிடைக்கப்போகிறது' என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.

இனி நமதூருக்கு வருவோம். வாசிகசாலையிலிருந்து கெரம் போட்டை எடுத்த பிறகு அந்தப் பையன்கள் வீட்டுக்குப் போய்ப் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இருட்டில் கூடுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். ஆறு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அந்தப் போனுக்குள்ளும் கெரம் இருக்கிறது, லூடோ இருக்கிறது. ஆனால் அங்கே நுழைவுக்குக் காசு கட்டி ஆடும் ஆட்டங்களும் இருக்கின்றன. இமாம்கள் எதை அஞ்சினார்களோ அது இப்போது மரப்பலகையில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. 'ஐஸ்' விற்பவனும் இருட்டைத்தான் தேடி வருகிறான், வெளிச்சத்தில் பெரியவர்களும் இளையவர்களும் கலந்திருக்கும் மேசையைத் தேடி வருவதில்லை. இதை எந்தப் பெற்றோருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் மேசைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. இஷா முடிந்த பிறகே பலகை விரியும். பணயம் கிடையாது. 'தோற்றவர் டீ வாங்கட்டும்' என்பதுகூடக் கிடையாது. அதுவும் ஒரு பணயம்தான் என்று எங்களில் மூத்தவர் முதல் நாளே சொல்லிவிட்டார். டீ முறை போட்டு வரும், தோற்றாலும் வென்றாலும். கெட்ட பேச்சு வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பரீட்சைக் காலத்தில் மாணவர்களுக்கு இடமில்லை. மற்ற நாட்களில் வாப்பாவோடு வரும் மகனுக்கு எப்போதும் ஒரு கதிரை உண்டு.

இந்த மேசையில் எங்களுக்குக் கிடைத்தது வெற்றி தோல்வி மட்டுமல்ல. தையல்காரரின் கண்பார்வை குறைந்து வருவதை முதலில் கண்டது இங்கேதான், ராணியை அவர் இரண்டு முறை தவறவிட்டபோது. ஒரு மாணவனின் வீட்டில் வருமானம் நின்றுபோனது தெரிந்ததும் இங்கேதான். பாடசாலை அலுவலகத்தில் யாரும் வந்து சொல்லாததை, காய் நகர்த்தும்போது மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

எனவே எங்கள் வேண்டுகோள் இதுதான். வாசிகசாலையின் கெரம் போட்டைத் திரும்ப வையுங்கள். வைக்கும்போது ஒழுங்குகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும், நாங்களும் முறை போட்டு வரத் தயார். உலமாக்களையும் அழையுங்கள், அவர்கள் சொல்லும் எல்லைக்குள் நிற்போம்.

கடைசியாக ஒரு விடயம். இதுவரை எழுதியதெல்லாம் ஆண்களின் மேசை. நமது உம்மம்மாமார் குழிகளில் புளியங்கொட்டையும் சோகியும் போட்டு எண்ணி விளையாடினார்களே, அதற்கு அரபு உலகில் 'மன்கலா' என்று பெயர், இடம் மாற்றுவது என்ற பொருளில். 1830களில் கெய்ரோவின் கோப்பிக் கடைகளில் அது ஆடப்பட்டதை எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் விரிவாக எழுதியிருக்கிறார். நமது வீடுகளில் ஆடப்பட்டதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அதை என்ன பெயரால் அழைத்தார்கள், எத்தனை குழி, யார் யார் சேர்ந்து விளையாடினார்கள் என்று உங்கள் உம்மாவிடம், உம்மம்மாவிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். வரும் தவணையில் மாணவர்களைக் கொண்டு அதைத் தொகுக்க எண்ணியிருக்கிறோம். கேட்கக்கூடிய ஆட்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.