பதினைந்து வயதுப் பின்கள வீரர்: கனேடிய ஹொக்கித் தெரிவும் துணுக்காய் வலயமும்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவின் இளையோர் ஐஸ் ஹொக்கி லீக்குகள் பதினைந்து வயதையொட்டிய சிறுவர்களை ‘ட்ராஃப்ட்’ எனப்படும் வரிசைமுறைத் தெரிவின் மூலம் ஆண்டுதோறும் கழகங்களுக்குப் பங்கிடுகின்றன. இத்தெரிவில் கணிப்பதற்கு மிகக் கடினமானவர் பின்கள வீரர். அவரை மதிப்பிடுவதில் நேர்ந்த சரிவுகளையும் அவை பின்னர் திருத்தப்பட்ட விதத்தையும் ஆராயும் இக்கட்டுரை, அதே கேள்வியை முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்க் கல்வி வலயத்து உதைபந்தாட்டத் தெரிவின்மீது வைக்கிறது. கனேடிய முறையின் வலிமை அதன் கணிப்பில் இல்லை, மறுதெரிவில் இருக்கிறது என்பதும், துணுக்காய்க்கு முதலில் வேண்டியது அந்த மறுதெரிவே என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பின்கள வீரர், இளையோர் தெரிவு, சார்பு வயது விளைவு, உடல் முதிர்ச்சி, துணுக்காய்

1. பிரச்சினை

முன்கள வீரரின் வேலை கோலாகப் பதிவாகிறது. பின்கள வீரரின் வேலை பெரும்பாலும் நடக்காமற் போன ஒன்றாகவே முடிகிறது: எதிரணி எடுக்காத உதை, நுழையாத பாதை, கொடுக்கத் துணியாத பந்து. இவற்றுக்குப் புள்ளித்தாளில் இடமில்லை. ஆகவே தெரிவாளர் கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துக்கொள்கிறார். ஹொக்கியில் அது வீரரின் உயரமும் அவர் ஈட்டிய புள்ளிகளும். எமது மைதானங்களில் உயரமும் உதையின் தூரமும். பதினைந்து வயதில் இவை அனைத்தும் எதிர்காலத்தைவிட, அந்தச் சிறுவர் எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டார் என்பதையே கூடுதலாகச் சொல்கின்றன. நாற்றின் உயரத்தைப் பார்த்து அறுவடையைக் கணக்கிடுவது போன்றது இது.

ஹொக்கியில் ‘கூட்டல் கழித்தல்’ என்றொரு கணக்கு உண்டு. வீரர் களத்தில் நிற்கும்போது, இரு அணிகளும் சம எண்ணிக்கையில் ஆடும் சமபல ஆட்டத்தில், அவரது அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிப்பது அதன் சாரம். பின்கள வீரரை அளக்க ஏற்றதுபோலத் தோன்றினாலும், அது அவரோடு நிற்கும் நால்வரையும் பின்னால் நிற்கும் காப்பாளரையும் சேர்த்தே அளக்கிறது. நலிந்த அணியின் நல்ல பின்கள வீரர் அதில் பெரும்பாலும் கழித்தற் பக்கத்திலேயே நிற்பார்.

2. கனேடியத் தெரிவு

கனேடிய ஹொக்கி லீக் என்னும் குடைக்கீழ் மூன்று லீக்குகள் உள்ளன: மேற்கு, ஒன்ராறியோ, கியூபெக். மேற்கு லீக், வீரருக்கு 15 வயது நிரம்பும் ஆண்டிலும் மற்றைய இரண்டும் 16 நிரம்பும் ஆண்டிலும் அவரைத் தெரிவுக்கு எடுக்கின்றன. கழகங்கள் முறைவைத்து ஒவ்வொரு பெயராக அழைக்கும். அழைக்கப்பட்டவரின் உரிமை அக்கழகத்துக்கு உரியது. அங்கிருந்து 18 வயதில் என்.எச்.எல். எனும் தொழில்முறை லீக்கின் தெரிவு காத்திருக்கிறது.

விதிவிலக்காகத் தேர்ந்த சிறுவர் ஓராண்டு முன்னதாகவே லீக்குக்குள் நுழையலாம். ஒன்ராறியோவில் 2005இல் முதன்முதலாக அந்தத் தகுதியைப் பெற்றவர் முன்கள வீரர் ஜோன் டவாரெஸ். இரண்டாமவரும், அத்தகுதியைப் பெற்ற முதற் பின்கள வீரரும் ஆரன் எக்பிளாட் (2011). அடுத்து அதே தகுதியுடன் வந்த பின்கள வீரர் ஷோன் டே (2013).

3. நான்கு பின்கள வீரர்கள்

எக்பிளாடை பரி கோல்ற்ஸ் கழகம் முதலிடத்தில் எடுத்தது. 2014இல் என்.எச்.எல். தெரிவிலும் அவரே முதலாமவர். அடுத்த ஆண்டு சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார். புளோரிடா அணியுடன் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை ஏந்தினார். இங்கே கணிப்பு முழுமையாகப் பலித்தது.

டேயை மிசிசாகா கழகம் நான்காமிடத்தில் எடுத்தது. வயதுக்கு மீறிய உடலும் அந்த உடலுக்கு மீறிய சறுக்குவேகமும் அவருக்கு இருந்தன. 2016இல் என்.எச்.எல். தெரிவில் அவர் பெயர் 81ஆம் இடத்திலேயே அழைக்கப்பட்டது. அந்த லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பதினைந்து வயதில் ஒரே அளவுகோலால் ஒரே வகுப்பில் வைக்கப்பட்ட இருவர் பத்தாண்டுக்குள் இவ்வளவு தூரம் பிரிந்துவிட்டனர்.

எதிர்த்திசைச் சான்றுகளும் உள. ஷே வெபரை மேற்கு லீக்கின் தெரிவில் எந்தக் கழகமும் எடுக்கவில்லை. பின்னர் கெலோனா கழகம் அவரைத் தன் பட்டியலிற் சேர்த்தது. 2003இல் என்.எச்.எல். தெரிவில் நாஷ்வில் கழகம் அவரை 49ஆம் இடத்தில் எடுத்தது. 2010, 2014 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற கனேடிய அணிகளின் பின்களத்தில் அவர் நின்றார். 2024இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். மார்க் ஜோர்டானோ என்.எச்.எல். தெரிவில் ஒருபோதும் அழைக்கப்படாதவர். கல்கரி கழகம் அவரைத் தெரிவுக்கு வெளியே ஒப்பந்தம் செய்தது. 2019இல் சிறந்த பின்கள வீரருக்கான நொறிஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

நால்வர் கதை எதையும் நிறுவாது. ஆனால் நால்வரின் பிறந்த மாதங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கருதுகோள் எழுகிறது. டே ஜனவரி, எக்பிளாட் பெப்ரவரி. வெபர் ஓகஸ்ட், ஜோர்டானோ ஒக்டோபர். கனேடிய இளையோர் ஹொக்கியில் வயதுப் பிரிவின் எல்லைநாள் ஜனவரி 1.

4. பிறந்த மாதமும் உடல் முதிர்ச்சியும்

இந்தக் கருதுகோளுக்கு எண்ணிக்கை வழிச் சான்று நெடுங்காலமாக உண்டு. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளரும் கனேடிய ஹொக்கியின் மேல்மட்டத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களிற் பிறந்தோர் மிகையாக இருப்பதை, அதாவது சார்பு வயது விளைவை, காட்டினர். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரிச் சிறுவர் டிசம்பர்ச் சிறுவரைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர். அந்த மூப்பு திறமையெனத் தவறாக வாசிக்கப்படுகிறது. தெரிவானவருக்கு நல்ல பயிற்றுநரும் கூடுதல் ஆட்டநேரமும் கிடைப்பதால், தவறான வாசிப்பு நாளடைவில் உண்மையான திறமை வேறுபாடாகவே மாறிவிடுகிறது.

2013இல் றொபேட் டீனரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. 1980 முதல் 2007 வரை என்.எச்.எல். தெரிவில் எடுக்கப்பட்ட கனேடியரில் ஜனவரி–மார்ச்சில் பிறந்தோர் 36 வீதம். ஆயினும் ஆடப்பட்ட ஆட்டங்களில் அவர்கள் பங்கு 28 வீதம், புள்ளிகளில் 25 வீதம். ஜூலை–டிசம்பரில் பிறந்தோர் தெரிவானோரில் 34 வீதம். ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44 வீதம். தெரிவாளர்கள் மூத்தவர்களுக்கு அதிக விலையும் இளையவர்களுக்குக் குறைந்த விலையும் கொடுத்துவந்துள்ளனர் என்பதே இதன் பொருள். இந்த எண்கள் 18 வயதுத் தெரிவுக்கு உரியவை. உடல் வேறுபாடு இன்னும் கூர்மையாக இருக்கும் 15 வயதில் இந்தப் பிழை குறையும் என்று எண்ண இடமில்லை.

பிறந்த மாதம் ஒரு பகுதிதான். ஒரே நாளிற் பிறந்த இருவரில் ஒருவர் 13 வயதில் வளர்ச்சி வேகத்தின் உச்சத்தைத் தொடலாம், மற்றவர் 15இல். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் றொபேட் மிர்வால்டும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட சமன்பாடு, நின்ற உயரம், அமர்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் அந்த உச்சத்துக்கு எவ்வளவு முன்னாலோ பின்னாலோ நிற்கிறார் என்று மதிப்பிட உதவுகிறது. மிக முந்தியும் மிகப் பிந்தியும் வளர்வோரிடம் அதன் பிழை கூடும். எனவே அதை எச்சரிக்கைக் குறிப்பாகக் கொள்ளலாமே தவிரத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

பின்கள வீரருக்கு இது இரட்டைச் சிக்கல். முந்தி வளர்ந்தவர் உடல்வலுவால் எதிரியைத் தள்ளிவிட்டே தப்பிக்கலாம். நிற்கும் இடத்தைக் கற்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படுவதில்லை. பிந்தி வளர்பவர் கோணத்தையும் நேரத்தையும் கற்றால்தான் களத்தில் நிலைக்க முடியும். பின்னாளில் உடல்கள் சமமாகும்போது கற்றவரின் கை ஓங்குகிறது.

5. எதைப் பார்ப்பது

அப்படியானால் பதினைந்து வயதில் எதைப் பார்க்கவேண்டும்? ஐஸ் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் பலகை வேலி. வீரர்கள் முக்கால் நிமிடமளவில் மாறிமாறி இறங்குவர். இந்தச் சூழலில் பின்கள வீரரைப் பற்றி நான்கு கேள்விகள் பயனுள்ளவை. வட்டை (ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக உள்ளதை) எடுக்கப் பின்னோக்கி ஓடும்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாரா? பாய்ந்துவரும் எதிரிக்கும் தனக்கும் இடையிலான தூரத்தைக் காத்து, அவரை நடுப்பகுதியிலிருந்து வேலிப்பக்கம் ஒதுக்குகிறாரா? எடுத்த வட்டை முதற் கொடுப்பிலேயே தன் அணியிடம் சேர்க்கிறாரா? பிழைவிட்ட பின் அடுத்த முறை என்ன செய்கிறார்?

இந்நான்கும் உதைபந்தாட்டத்துக்கு அப்படியே பொருந்தும். வேலிக்குப் பதில் பக்கக்கோடு. நான்கும் முடிவெடுத்தலைப் பற்றியவை, எண்ணிப் பதியக்கூடியவை, உயரத்தால் எளிதில் மயங்காதவை. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஓர் ஆட்டத்தில் விடை கிடைக்காது. பின்கள வீரரை ஒருமுறை பார்த்து எடுப்பது முறையளவிலேயே பிழை என்பதற்கு இதுவே காரணம்.

6. துணுக்காய் வலயம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் இரு கல்வி வலயங்களுள் ஒன்று துணுக்காய். மல்லாவி மத்திய கல்லூரி, யோகபுரம் மகா வித்தியாலயம், பாண்டியன்குளம் மகா வித்தியாலயம் போன்ற பாடசாலைகள் இப்பகுதியின் விளையாட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவை. இங்கு சிறுவர் மேலே செல்லும் பாதை ஏணிபோன்ற ஒரே வழி: வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம். வலயமட்டப் போட்டிகள் பொதுவாக விலகல் முறையில் நடப்பதால், முதற் சுற்றில் தோற்ற பாடசாலையின் பின்கள வீரர் அந்த ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தோடு பார்வையிலிருந்து மறைகிறார். அவர் அணி வாங்கிய கோல்களே அவருடைய சான்றிதழ். வயதுப் பிரிவுகள் இரண்டாண்டு அகலமானவை என்பதால், மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையிலான இடைவெளி கனடாவின் ஓராண்டுப் பிரிவைவிட விரியக்கூடும்.

இதே வயதில்தான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வருகிறது. 16 வயதுப் பிரிவில் தெரிவாகாத பிள்ளை ரியூசன் வகுப்புக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு மைதானத்துக்குத் திரும்ப வீட்டாருக்கோ அவருக்கோ வலுவான காரணம் இராது. தெரிவாகாமை இங்கே ஒத்திவைப்பு அன்று, பெரும்பாலும் விலகல்.

வரலாறும் இதைக் கடுமையாக்கியது. உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில், 2008 ஓகஸ்டில் துணுக்காயும் அடுத்த மாதத் தொடக்கத்தில் மல்லாவியும் இராணுவத்திடம் வீழ்ந்தன. சனங்கள் கிழக்கே நகர்ந்து, 2009இல் முகாம்களில் அடைபட்டு, பின்னரே மீளக்குடியமர்ந்தனர். அவ்வேளை பதினான்கு, பதினைந்து வயதில் இருந்தவர்களுக்கு அந்த ஒற்றை ஏணியின் முதற்படி கூட இருக்கவில்லை; அவர்கள் திரும்பிவந்தபோது வயதெல்லை கடந்திருந்தது. குறித்த வயதில் ஒரே தடவை மட்டும் மதிப்பிடும் எந்த முறையும், குழப்பமின்றி ஓடும் குழந்தைப்பருவத்தை முன்னிபந்தனையாக வைக்கிறது. துணுக்காய் அடங்கும் வன்னியில் அது எப்போதும் கிடைத்ததில்லை.

கனேடியர் நம்மைவிடக் கூர்மையாகக் கணிப்பதில்லை; வெபரும் டேயும் அதற்குச் சாட்சி. ஆனால் அழைக்கப்படாதவரைக் கழகம் பிறகு பட்டியலிற் சேர்க்கலாம். 18இல் என்.எச்.எல். தெரிவில் எடுபடாதவர் 19இலும் 20இலும் மீண்டும் தகுதி பெறுகிறார். அதன்பின் சுயேச்சையாக ஒப்பந்தமாகலாம். 2025 ஓகஸ்ட் முதல் இளையோர் லீக்கில் ஆடியவருக்கு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் கதவும் திறந்திருக்கிறது. பிழை ஒன்றே, அங்கே அது திருத்தப்படுகிறது, இங்கே நிலைத்துவிடுகிறது.

7. மறுப்புகள்

கனேடிய முறையை முன்மாதிரியாக்குவது பொருந்தாது எனலாம். சறுக்குக் காலணி, தளக் கட்டணம், பயணச் செலவு என்று அங்கே வறிய பெற்றோரின் பிள்ளைகள் தெரிவுக்கு வெகுமுன்னரே வடிகட்டப்படுகின்றனர். இது உண்மை. ஒரு பந்தோடு பத்திருபது பேர் ஆடும் எமது மைதானம் அந்த வகையில் நீதியானது. இரவல் வாங்கவேண்டியது ட்ராஃப்டை அல்ல, அதற்குப் பின்னால் உள்ள மறுதெரிவை என்பதே இங்கு சொல்லப்படுவது.

உடற்கல்வி ஆசிரியருக்கு நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. தேவைப்படுவது மிகச் சிறிது. நான்கு கேள்விகள் கொண்ட ஒற்றைத் தாள். வெவ்வேறு எதிரணிகளோடு மூன்று ஆட்டங்களில் நிரப்பப்படுவது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் அமர்ந்த உயரமும். வலய அணியில் இரண்டு இடங்கள் முதற் சுற்றில் தோற்ற பாடசாலைகளுக்கு ஒதுக்கம். ஊர்க் கழகங்களின் போட்டிகளை அடுத்த ஆண்டுக்கான பார்வைக்களமாக ஏற்றல். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

அனுபவமிக்க பயிற்றுநரின் கண் போதாதா என்பது மூன்றாவது. அந்தக் கண் பார்ப்பதைச் சரியாகவே பார்க்கிறது. அதற்குக் காட்டப்படாத ஆட்டத்தை அது பார்க்க முடியாது என்பதே இங்குள்ள குறை.

8. முடிவு

பதினைந்து வயதுப் பின்கள வீரரின் எதிர்காலம் கணிப்புக்கு அடங்காதது. இதை ஏற்ற பின் கேள்வி, சரியாகத் தெரிவது எப்படி என்பதிலிருந்து பிழையாகத் தெரிந்ததைத் திருத்துவது எப்படி என்பதற்கு நகர்கிறது. இவ்வாதத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: வலய, மாகாண அணிப் பட்டியல்களில் 16 வயதுப் பிரிவின் இளைய ஆண்டுக்காரரும் ஆண்டின் பிற்பாதியிற் பிறந்தோரும் எத்தனை பேர் என்று எண்ணுவது. அவர்களது பங்கு பாடசாலைத் தொகையில் உள்ள பங்குக்கு ஒத்திருந்தால் நான்காம் பகுதியின் வாதம் துணுக்காய்க்குப் பொருந்தாது. அப்போதும் விலகல் முறையால் ஒரே ஆட்டத்தோடு மறையும் வீரரின் பிரச்சினை தீராது. மறுதெரிவுக்கான நியாயம் அதிலேயே நிற்கும்.