நாணயத்தின் பேரேடு



நம் மொழியில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தரும். கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். காசில்லாதவரும் நாணயமுடையவராய் இருத்தல் கூடும். ஆனால் அதனை அளப்பது எவ்வாறு?

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். தந்தையார் நோயுற்றிருந்த காலத்தில் வண்டிக் கடனின் மூன்று தவணைகளைத் தவறவிட்டவர். பின்னர் வட்டியும் முதலுமாய்க் கட்டி முடித்தவர். ஆயினும் கடன் அட்டை கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. “ஐயா, கட்டி முடித்த கடனுக்கும் தண்டனை உண்டா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1837-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பெரும் பண நெருக்கடி நேர்ந்தது. கடனுக்குச் சரக்கு விற்ற வணிகர் பலர் நொடித்துப் போயினர். அந்நெருக்கடியில் அடிபட்டவருள் லூயிஸ் டப்பான் என்னும் நியூயார்க் பட்டு வணிகரும் ஒருவர். அவர் 1841-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர்தோறும் வழக்கறிஞர் முதலியோரைச் செய்தி அனுப்புவோராக அமர்த்தி, வணிகர்களின் ஒழுக்கம், உடைமை, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைப் பெரும் பேரேடுகளில் எழுதி வைத்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனும் அவ்வாறு செய்தி அனுப்பியவரே. சந்தா செலுத்தியவர் மட்டுமே அக்குறிப்புகளைக் கேட்டறியலாம். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவருக்கு அவ்வுரிமை இல்லை.

1958-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ‘பாங்க் ஆஃப் அமெரிக்கா’ 60,000 கடன் அட்டைகளை, கேளாதவர்க்கும் அஞ்சலில் அனுப்பியது. நூற்றுக்கு 4 பேர் தவணை தவறுவர் என்று எண்ணினர். தவறியவரோ 22 பேர். ஆராயாது கொடுத்தால் விளைவது யாதென வங்கிகள் உணர்ந்தன. பேரேட்டின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 1989-இல் அப்பேரேடு முழுவதும் 300 முதல் 850 வரையுள்ள ஒரே மதிப்பெண்ணாகச் சுருங்கிற்று.

இதற்கிடையே சட்டமும் விழித்துக்கொண்டது. தம்மைப் பற்றிய குறிப்பை அறியவும், பிழையிருப்பின் மறுக்கவும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்தது. தவணை தவறிய செய்தி பொதுவாக ஏழாண்டுகளுக்குப் பின் அறிக்கையில் இடம்பெறலாகாது என்றும் அது விதித்தது. பெண் என்பதற்காகக் கடன் மறுத்தலை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

பெயர் கெட்டவர் மீண்டும் பெயரெடுக்க ஈட்டு அட்டை என்னும் வழியும் பிறந்தது. ஒரு தொகையை வங்கியில் ஈடாக வைத்தால், அதற்கேற்ற வரம்புடன் அட்டை கிடைக்கும். ஈடு வைத்தமையால் மாதக் கணக்குத் தீர்ந்துவிடாது; செலவழித்ததைத் தவணை நாளுக்குள் கட்டியே ஆகவேண்டும். அவ்வாறு கட்டுவது பேரேட்டில் மாதந்தோறும் நற்குறிப்பாய் ஏறும்.

நல்வழியிலும் கள்வர் புகுவதுண்டு. இடர்ப்பட்டோர்க்கே அட்டை தருவதாய்ச் சொல்லி, வரம்பின் பெரும்பகுதியைக் கட்டணமாகவே சிலர் விழுங்கினர். முதலாண்டுக் கட்டணம் வரம்பில் நூற்றுக்கு 25-ஐத் தாண்டலாகாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. 300 டாலர் வரம்புடைய அட்டைக்கு 75 டாலரே உச்சம் என்று கொள்க.

நம் நாட்டில் இத்தகைய பேரேட்டுக்கென 2000-ஆம் ஆண்டில் ‘சிபில்’ நிறுவனம் அமைந்தது. 2005-இல் சட்டம் வந்தது. இங்கே மதிப்பெண் 300 முதல் 900 வரை. 2017 முதல் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகவே பெறலாம். வைப்புத்தொகையின் பேரில் அட்டை தரும் வங்கிகளும் உள்ளன.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் கூறினேன். அறிக்கையை வரவழைத்துப் பார்த்தோம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையென்றே அதில் நின்றது! சான்று காட்டித் திருத்தக் கோரினார். சிறு வைப்புத்தொகையின் பேரில் அட்டையும் பெற்றார். திருத்தம் ஏறச் சில வாரங்கள் ஆயின.

பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாணவனின் நடத்தையைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் பேனா சற்றே தயங்கியதுண்டு. எழுதியது அவனோடு நெடுந்தூரம் செல்லும் என்பதை அறிவேன். பேரேடு வேண்டியதுதான். அதில் தம் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் படித்துப் பார்த்தல் வேண்டும்.