ஆறு பக்கக் கட்டுரையும் நாற்பது வருஷ உழைப்பும்

ஒரு ஆராய்ச்சியாளர் எவ்வளவு முக்கியமானவர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இன்னைக்கு சுலபமான வழி, கூகுள் ஸ்காலர்ல பேரைத் தட்டுறது. அவர் எழுதினதை மத்தவங்க எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு ஒரு நம்பர் வரும். பக்கத்துலயே எச்-இன்டெக்ஸ். 2005-ல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. உங்க கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது வாங்கியிருந்தா, உங்க எச்-இன்டெக்ஸ் குறைஞ்சது 20. வேலை, பதவி உயர்வு எல்லாத்துக்கும் இதைப் பார்க்கிறாங்க. ஆனா இந்த நம்பர் எதைச் சொல்லாது? அதுக்குத்தான் இன்னைக்கு எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரின் கதை.

ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதாரத்தில் பிஎச்டி பண்ணத்தான் ஆசை. ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு எதுக்கு ட்ரிகோனோமெட்ரின்னு தள்ளி வச்சிருந்தாங்க. கணக்குப் பத்தாதுன்னு பொருளாதாரத் துறை கதவை மூடிடுச்சு. அதனால லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலேயே அரசியல் அறிவியலுக்குப் போனாங்க. ஆய்வுக்கு எடுத்துக்கிட்டது அந்த ஊர் நிலத்தடி நீர். ஆளாளுக்குப் போர் போட்டு உறிஞ்சினதில், கடல் நீர் உள்ளே வர ஆரம்பிச்சிருந்தது. தண்ணி எடுத்தவங்களே சங்கம் அமைச்சு, கோர்ட்டுக்குப் போய், பேரம் பேசி, யார் எவ்வளவு எடுக்கலாம்னு ஒரு வரம்புக்கு வந்தாங்க. அந்தப் பிஎச்டி முடிஞ்சது 1965-ல்.

மூணு வருஷம் கழிச்சு, 1968 டிசம்பரில், ‘சயின்ஸ்’ இதழில் கேரட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். தலைப்பைத் தமிழில் ‘பொது நிலத்தின் அவலம்’னு சொல்லலாம். எல்லாருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம், நம்ம ஊர் மந்தைவெளி மாதிரி. ஒருத்தர் கூடுதலா ஒரு மாட்டை விட்டா லாபம் அவருக்கு, புல் குறையுற நஷ்டம் எல்லாருக்கும். ஆளுக்கு ஒரு மாடு கூட்டிக்கிட்டே போனா நிலம் பாழாகும். வழி ரெண்டுதான்: தனியாருக்குப் பிரிச்சுக் கொடு, இல்ல அரசாங்கம் கையில் எடுக்கட்டும். ஹார்டினுடைய உண்மையான கவலை மக்கள்தொகைப் பெருக்கம். அந்த மேய்ச்சல் நிலம் வெறும் கற்பனை உதாரணம். ஆனா மந்தைவெளி பாழாகும் என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் விதி மாதிரி உட்கார்ந்துடுச்சு.

ஆஸ்ட்ரம் மெதுவா நடந்தாங்க. கணவர் வின்சென்ட்டுக்கு இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலை; இவங்களுக்கு முதலில் கிடைச்சது காலை ஏழரை மணி வகுப்பு. 1973-ல் ரெண்டு பேரும் அங்கே ஒரு ஆய்வுப் பட்டறையைத் தொடங்கினாங்க. உலகம் முழுக்க மானுடவியலாளர்களும் மத்தவங்களும் தனித்தனியா எழுதி வச்ச கிராம ஆய்வுகளைத் திரட்டி, ஒரே கேள்விகளை எல்லாத்துக்கும் போட்டுப் பார்த்தாங்க. 1990-ல் புத்தகம் வந்தது.

அதில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம் வரும். குளிர்காலத்தில் தீனி போட்டு வளர்க்க முடிஞ்ச அளவு மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம்னு அங்கே 1517-லேயே விதி இருந்தது. ஸ்பெயின், ஜப்பான், பிலிப்பைன்ஸ் உதாரணங்களும் உண்டு. தோத்த இடங்களையும் மறைக்கல: இலங்கையின் கிரிந்தி ஓயா பாசனத் திட்டம் அதில் ஒன்று. எங்கே ஜெயிக்குது, எங்கே தோக்குதுன்னு ஒப்பிட்டுத்தான் புகழ்பெற்ற எட்டுக் கொள்கைகளுக்கு வந்தாங்க.

2009-ல் பொருளாதார நோபல், ஆலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்து. அதை வாங்கிய முதல் பெண் இவங்கதான். அந்த நேரத்தில் பிரபலப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், இவங்க யார்னு விக்கிபீடியாவில் தேடிப் பார்க்க வேண்டியிருந்ததுன்னு ஒத்துக்கிட்டார். மேற்கோள்கள் மலையா குவிஞ்சிருந்தது. ஆனா அது பக்கத்துத் துறையில் குவிஞ்சிருந்தது.

இப்போ நம்பருக்கு வருவோம். ஹார்டின் கட்டுரை, ஆஸ்ட்ரம் புத்தகம், ரெண்டுமே பல பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டவை. கவுன்ட்டரைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே ஜாதி. ஹார்டினை மறுக்கிறவங்களும் அவரை மேற்கோள் காட்டித்தானே ஆகணும்? ‘இது தப்பு’ன்னு எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடும். நம்ம வேலையில் ஒரு ஃபங்ஷனை நூறு பேர் கூப்பிடுறாங்கன்னா அது நல்ல கோடுன்னு அர்த்தமில்லையே, அது மாதிரி. தான் சொன்னது நிர்வகிக்கப்படாத பொது நிலத்துக்குத்தான் பொருந்தும், அந்த ஒரு அடைமொழியை விட்டதுதான் பெரிய பிழைன்னு 1998-ல் ஹார்டினே எழுதினார். அதுக்காக பழைய நம்பர் குறையல.

இன்னொன்றும் இருக்கு. டோர்பெலில் தங்கி, பழைய ஆவணங்களைப் புரட்டினவர் ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர். ஆஸ்ட்ரம் அவர் பேரைச் சொல்லித்தான் எழுதினாங்க. ஆனா ஆஸ்ட்ரம் புத்தகத்தை மட்டும் ஒருத்தர் மேற்கோள் காட்டும்போது, நெட்டிங் கணக்கில் எதுவும் ஏறாது. அவரை மாதிரி எத்தனையோ பேரின் களப்பணி அந்த ஒரு புத்தகத்துக்குள்ளே இருக்கு.

ஆஸ்ட்ரம் 2012 ஜூனில் காலமானாங்க. அடுத்த தடவை யாரோட நம்பரையாவது பார்த்து அசந்து போனீங்கன்னா, அதைக் கிளிக் பண்ணி, மேற்கோள் காட்டியவங்களில் மூணு பேர் என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுப் பாருங்க. ஏத்துக்கிட்டாங்களா, மறுத்தாங்களா, இல்ல வாசிக்காமலே பேரை மட்டும் போட்டாங்களான்னு அப்போதான் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.