கட்டணமில்லாச் செயலிகளும் தொடர்புப் பட்டியலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

திறன்பேசியில் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளும் செயலிகள், தாம் செய்யும் வேலைக்குச் சிறிதும் தொடர்பில்லாத தகவல்களைக் கேட்பது இன்று அனைவரும் அறிந்த எரிச்சல். படத்தின் அளவைக் குறைக்கும் செயலி நாம் இருக்கும் இடத்தைக் கேட்கிறது. விளையாட்டுச் செயலி ஒலிவாங்கியைக் கேட்கிறது. பல செயலிகள் நமது தொடர்புப் பட்டியலை, அதாவது 'காண்டாக்ட்ஸ்' என்று நாம் சொல்லும் பெயர்களையும் எண்களையும், முழுவதுமாகக் கேட்கின்றன. இவ்வழக்கம் எப்படி வந்தது, அதைத் தடுக்க யார் என்ன செய்தார்கள் என்பதைச் சில நிகழ்வுகள் வழியாக இக்கட்டுரை விவரிக்கிறது. எல்லாத் தகவல்களையும் எடுத்துக்கொள்ளாமல், தொடர்புப் பட்டியலுக்கே இங்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இராகு காலம், நல்ல நேரம், விடுமுறை நாள்கள் பார்ப்பதற்காக இக்கட்டுரையாளர் ஒரு நாள்காட்டிச் செயலியை நிறுவினார். திறந்தவுடன் அது தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டது. மறுத்தபோது தானே மூடிக்கொண்டது. மீண்டும் திறந்தால் மீண்டும் அதே கேள்வி. இராகு காலத்துக்கும் என் தொடர்புகளுக்கும் என்ன உறவு என்பது இன்றுவரை விளங்கவில்லை. பள்ளியில் பணியாற்றிய காலத்தில் சேர்ந்த பெற்றோர்களின் எண்கள் நூற்றுக்கணக்கில் அந்தப் பட்டியலில் உள்ளன. 'இன்னார் அப்பா, 7 பி', 'இன்னார் அம்மா, 9 ஏ' என்று பிள்ளையின் பெயரும் வகுப்பும் சேர்த்தே பதிந்து வைத்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அழைப்பதற்காக அவர்கள் நம்பிக் கொடுத்த எண்கள் அவை. அவற்றை வேறொருவரிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக மனத்தில் எழுந்தது.

இலவசத்தின் பழைய வடிவம்

விளம்பரம் கொடுப்பவர் செலவை ஏற்றுக்கொள்ள, பயனர் குறைந்த விலையிலோ விலையின்றியோ பெறும் ஏற்பாடு புதியதன்று. 1833 செப்டம்பரில் பெஞ்சமின் டே என்பவர் நியூயார்க்கில் 'தி சன்' நாளிதழைத் தொடங்கினார். மற்ற இதழ்கள் 6 சென்ட் விலைக்கு விற்றபோது இவர் 1 சென்டுக்கு விற்றார். வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வந்தது. நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. புத்தாண்டில் மளிகைக் கடையிலும் நகைக்கடையிலும் தரும் தினசரி நாள்காட்டி இலவசந்தான். மேலே கடையின் பெயரும் சாமி படமும் பெரிதாக இருக்கும், ஆண்டு முழுவதும் அந்தப் பெயர் நம் சுவரில் தொங்கும். ஆனால் தாளைக் கிழித்தவர் யார், எத்தனை மணிக்குக் கிழித்தார், வீட்டில் எத்தனை பேர் என்பதை அந்த நாள்காட்டி கடைக்காரருக்குச் சொல்லாது.

திறன்பேசியில் இந்த ஏற்பாடு மாறியது. ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 ஜூலையில் 500 செயலிகளுடன் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டின் கடையும் திறக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கும் செயலிகளும் அங்கு இருந்தன. எனினும் மக்கள் இலவசத்தையே நாடியதால், செயலி எழுதியவர்கள் விளம்பர வலையமைப்புகளின் துணையை நாடினர். அத்தகைய வலையமைப்புகளுள் ஒன்றான ஆட்மாப் நிறுவனத்தை 75 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2009 நவம்பரில் கூகுள் அறிவித்தது. விளம்பரம் பார்ப்பவர் யார் என்று தெரிந்தால் விளம்பரத்தின் விலை கூடும். ஆகவே செயலிக்குத் தேவையில்லாத தகவலும் விளம்பரதாரருக்குத் தேவைப்பட்டது.

2010 டிசம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் 101 செயலிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. அவற்றுள் 56 செயலிகள், ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணைப் பயனருக்குத் தெரியாமலே பிற நிறுவனங்களுக்கு அனுப்பின. 47 செயலிகள் இருப்பிடத்தை ஏதோ ஒரு வகையில் அனுப்பின. வயது, பால் போன்ற விவரங்களை அனுப்பியவை 5.

கைவிளக்குச் செயலி

இவ்வரலாற்றில் மாணவர்கள் தவறாமல் அறிய வேண்டிய வழக்கு 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற டார்ச் செயலியைப் பற்றியது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த கோல்டன்ஷோர்ஸ் டெக்னாலஜிஸ் என்ற சிறு நிறுவனம் அதை ஆண்ட்ராய்டு பேசிகளுக்காக வெளியிட்டது. கோடிக்கணக்கான முறை அது பதிவிறக்கப்பட்டது. செய்யும் வேலை ஒன்றுதான், விளக்கை எரிய விடுவது.

அந்தச் செயலி, பேசி இருக்கும் துல்லியமான இடத்தையும் அதன் அடையாள எண்ணையும் விளம்பர வலையமைப்புகள் உள்ளிட்ட பிறருக்கு அனுப்பியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. தனியுரிமைக் கொள்கையில் தகவல் திரட்டுவதைக் குறிப்பிட்டிருந்தார்கள், பிறருக்குக் கொடுப்பதைச் சொல்லவில்லை. அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் குற்றச்சாட்டில் இருந்தது. செயலியை முதலில் திறக்கும்போது உரிம ஒப்பந்தம் காட்டப்பட்டு, கீழே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்ற இரு பொத்தான்கள் தோன்றும். பயனர் எதையாவது அழுத்துவதற்கு முன்பே தகவல் அனுப்பத் தொடங்கிவிட்டது. மறுக்கிறேன் என்ற பொத்தான் வெறும் அலங்காரமாகவே இருந்தது.

2013 டிசம்பரில் சமரச உடன்பாடு அறிவிக்கப்பட்டது. திரட்டிய தகவல்களை அழிக்க வேண்டும், இருப்பிடத்தை எடுக்கும் நேரத்திலேயே எதற்காக, யாருக்காக என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பவை நிபந்தனைகள். அபராதம் விதிக்கப்படவில்லை. அவ்வளவு பேரின் இருப்பிடம் கைமாறிய பின் இது மிக மென்மையான முடிவு என்றே தோன்றுகிறது.

டார்ச் செயலிகளுக்காக ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பேசியின் விளக்கு ஒளிப்படக் கருவியோடு இணைந்தது. அக்கால ஆண்ட்ராய்டில் விளக்கைப் போட வேண்டுமானால் ஒளிப்படக் கருவிக்கான அனுமதி தேவைப்பட்டது. ஆகவே அதைக் கேட்டது குற்றமன்று, இருப்பிடத்தைக் கேட்டதற்குத்தான் விடையில்லை. பின்னர் 2013இல் ஐஃபோனிலும் 2014இல் ஆண்ட்ராய்டிலும் டார்ச் பேசியின் உள்ளேயே ஒரு வசதியாகச் சேர்க்கப்பட்டது. தனிச் செயலிக்குத் தேவையே இல்லாமற் போயிற்று.

ஒருவர் ஒப்புதல், பலர் தகவல்

இருப்பிடம் நம்முடையது. அதைக் கொடுத்தால் நட்டமும் நமக்கே. தொடர்புப் பட்டியல் அப்படியன்று.

2012 பிப்ரவரியில் 'பாத்' என்ற சமூக வலைச் செயலி, ஐஃபோன் பயனர்களின் தொடர்புப் பட்டியலை முழுவதுமாகத் தன் கணினிகளுக்கு ஏற்றிக்கொள்வதை ஒரு மென்பொருளாளர் தற்செயலாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். யாரிடமும் அது அனுமதி கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, திரட்டியவற்றை அழித்துவிட்டதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6 முதல், தொடர்புப் பட்டியலைத் தொடுவதற்கு ஒவ்வொரு செயலியும் பயனரின் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. 2013இல் பாத் நிறுவனம் 8 இலட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தொகை 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதற்காக விதிக்கப்பட்டது. பெரியவர்களின் பட்டியலை எடுத்ததற்கு அபராதம் விதிக்கப்படவில்லை.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. நிறுவும்போதே எல்லா அனுமதிகளும் ஒரே பட்டியலாகக் காட்டப்படும். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும், அல்லது செயலியே வேண்டாம் என்று விட வேண்டும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் அனுமதிகளைத் தனித்தனியே நிறுத்தும் வசதி ஒன்று மறைவாக இருந்ததைச் சிலர் கண்டுபிடித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.4.2 பதிப்பில் அது நீக்கப்பட்டது. தவறுதலாக வெளியாகிவிட்டது என்று கூகுள் விளக்கம் தந்தது. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில்தான், தேவைப்படும் நேரத்தில் ஒவ்வோர் அனுமதியையும் தனியே கேட்கும் முறை முறைப்படி வந்தது. மறுக்கும் உரிமை கிடைத்தது, ஆனால் மறுத்தால் இயங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் செயலிகளும் வந்தன. மேலே சொன்ன நாள்காட்டி அவ்வினத்தைச் சேர்ந்தது.

ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் எத்தனை பேரை இழுத்துச் செல்லும் என்பதை உலகம் 2018இல் கண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய ஆளுமைத் தேர்வுச் செயலி முகநூலில் இயங்கிவந்தது. அதை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அன்றைய முகநூல் விதிப்படி, நிறுவியவரின் நண்பர்களுடைய தகவல்களையும் செயலி எடுத்துக்கொள்ள முடிந்தது. இவ்வாறு 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் பின்னர் தெரிவித்தது. அத்தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தைச் சென்றடைந்தன. இந்தியாவைப் பற்றி முகநூல் சொன்ன கணக்கு நம் மாணவர்களுக்கு வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியது: செயலியை நிறுவியவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். நிறுவிய ஒவ்வொருவருக்கும் சராசரியாக 1,600க்கு மேற்பட்டோர். 2019 ஜூலையில் அமெரிக்க ஆணையம் முகநூலுக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

கடன் செயலிகள்

தொடர்புப் பட்டியல் விளம்பரத்துக்கு மட்டுமே பயன்படும் என்று எண்ணியவர்களுக்கு இந்தியாவில் 2020இல் வேறு பாடம் கிடைத்தது. கொரோனா ஊரடங்கில் வருமானம் இழந்தவர்கள் உடனடிக் கடன் தரும் செயலிகளை நாடினர். சில ஆயிரம் ரூபாய், சில நாள்களில் திருப்பித் தர வேண்டும். சொத்து ஈடு கேட்கப்படவில்லை. அதற்குப் பதிலாகச் செயலி கேட்டது தொடர்புப் பட்டியலையும் படங்களையும் திறந்து பார்க்கும் அனுமதியை. நெருக்கடியில் இருப்பவர் அதைப் படித்துப் பார்த்தா அழுத்துவார்?

தவணை தவறினால் அந்தப் பட்டியலே ஆயுதமாயிற்று. உறவினர், மேலதிகாரி, பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவருக்கும் அழைப்பு போயிற்று. கடன் வாங்கியவரின் படத்தைத் திரித்து அவர்களுக்கு அனுப்பினர். மானத்துக்கு அஞ்சிச் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தெலங்கானா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தன. இங்கே அடகு வைக்கப்பட்டது கடனாளியின் சுற்றமும் நட்பும். அடகு போனது அவர்களுக்கே தெரியாது.

இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளுள் 600 சட்டவிரோதமானவை என்று அக்குழு கண்டறிந்தது. 2022 செப்டம்பர் 2 அன்று வெளியான வழிகாட்டுதலில், கடன் செயலிகள் கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியது. ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது ஒருமுறை மட்டும், வெளிப்படையான ஒப்புதலோடு பயன்படுத்தலாம். 2023 மே 31 முதல் கூகுளும் தன் கடையிலுள்ள தனிநபர் கடன் செயலிகளுக்குத் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அணுகத் தடை விதித்தது. சட்டத்துக்குப் புறம்பாக இயங்குபவர்களை இவ்விதிகள் முழுவதும் கட்டுப்படுத்தா என்பதும் உண்மையே.

சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அதன் 6ஆம் பிரிவு ஒப்புதலைப் பற்றியது. சட்ட நூல்களில் எளிய எடுத்துக்காட்டுகள் அரிதல்ல என்றாலும், இப்பிரிவில் உள்ளது நம் பொருளுக்கு நேரே பொருந்துகிறது. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்றை ஒருவர் நிறுவுகிறார். அது மருத்துவச் சேவைக்கான தகவல்களுக்கும் அவருடைய தொடர்புப் பட்டியலுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது, அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை. ஆகவே அவர் சரி என்று சொல்லியிருந்தாலும், அந்த ஒப்புதல் மருத்துவச் சேவைக்குத் தேவையான தகவல்களுக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். டார்ச் செயலிக்கும் நாள்காட்டிச் செயலிக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

ஆயினும் அந்த எடுத்துக்காட்டில் ஒப்புதல் கேட்கப்படுபவர் பேசியின் உரிமையாளர் ஒருவரே. பட்டியலில் உள்ள மற்றவர்களை அது பேசவில்லை. தொழில்நுட்பம் இவ்விடத்தில் சற்றே முன்னால் சென்றிருக்கிறது: 2024இல் வந்த ஐஓஎஸ் 18 பதிப்பில், பட்டியலிலிருந்து நாம் தேர்ந்தெடுக்கும் சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டலாம். செயலிக் கடை திறந்து 16 ஆண்டுகளுக்குப் பின் வந்த வசதி இது.

இந்தியச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான பிரிவுகளைச் செயல்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.