வைத்தியநாதபுரத்து வக்கீலும் மலையோரக் கைதியும்

பாலக்காட்டில் திப்பு கோட்டை என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். 1766-இல் அதைக் கட்டியவர் என்னவோ ஹைதர் அலிதான். கோட்டைக்குள் வெகுகாலம் ஒரு சிறையும் இருந்தது. பிறகு அது மலம்புழைக்கு மாறிப்போனது.

அந்தக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய வைத்தியநாதபுரத்தில் 1915 நவம்பர் 15 அன்று பிறந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரியில் வக்கீல் தொழில் நடத்தியவர், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-இல் ஒரு மாதம் சிறைவாசம் அனுபவித்தார். 1957-இல் கேரளத்தின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அவருக்குச் சட்டம், உள்துறையோடு சிறைத்துறையும் கிடைத்தது. கம்பி எண்ணியவர் கைக்கே சாவிக்கொத்து வந்தது.

குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் முறை பாலக்காட்டுக்குப் புதிதல்ல. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால், 1936-இன் சென்னை நன்னடத்தைச் சட்டம் இங்கும் செல்லுபடியானது. இன்றைய இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகள் அப்போது திருவிதாங்கூரில் இருந்தன. 1956-இல் கேரளம் பிறந்து, 1958-இல் மத்திய நன்னடத்தைச் சட்டம் வந்தபின்தான் பாலக்காடு, இடுக்கி இரண்டு மலையோரங்களுக்கும் ஒரே ஏற்பாடு.

அந்தச் சட்டத்தின் உயிர் ஓர் அறிக்கையில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் குற்றவாளியின் தோட்டத்து லயத்து வீட்டுக்கோ ஊருக்கோ போக வேண்டும். எப்போது குடிக்கத் தொடங்கினான், அப்பன் அடிப்பானா, வீட்டில் யார் இறந்தது, வேலை கொடுக்க யார் முன்வருவார் என்று கேட்டு எழுத வேண்டும். 21 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு விலக்கு உண்டு. இந்தக் கேள்விகள் தேடுவது மனக்காயத்தைத்தான்; அந்தச் சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அந்தக் காயத்தைக் கண்டுபிடிக்க இந்த அறிக்கையைவிட நல்ல வழி நமக்குக் கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் இருந்தபோது, 1977-இல், முகமது கியாசுதீன் வழக்கு வந்தது. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிப் பணம் பறித்த 28 வயது இளைஞர். மூன்றாண்டுத் தண்டனையைப் பதினெட்டு மாதமாகக் குறைத்ததோடு கிருஷ்ணய்யர் நிற்கவில்லை. சிறையில் அந்த இளைஞருக்கு என்ன மாதிரி வேலை தரலாம், குடும்பத்தைப் பார்க்க பரோலில் விட வேண்டும் என்பதுவரை எழுதினார். தீர்ப்பா, வைத்தியச் சீட்டா என்று கேலி செய்தால் செய்யலாம். மீட்புத் திட்டம் என்பது அப்படித்தான் இருக்கும்.

போதை வழக்குகளில் அப்படிப்பட்ட மீட்புக்கு 1985-இன் போதைப்பொருள் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. சிறு அளவுக் குற்றத்தில் (கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை) தண்டிக்கப்பட்டவர் அடிமையாகிப்போனவராக இருந்தால், அவர் சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையின் பலன் பற்றிய அறிக்கை ஓராண்டுக்குள் வர வேண்டும். 'இடுக்கி கோல்டு' என்று கஞ்சாவுக்கே பேர் வாங்கிக்கொடுத்த மலையில் இதை எத்தனை பேர் கேட்டுப் பெறுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அனுப்ப இடமும் இருக்கிறது. கேரள கலால் துறையின் விமுக்தி இயக்கம் 2016-இல் தொடங்கியது. பாலக்காடு மாவட்டத்துக்கான அதன் மீட்பு மையம் அட்டப்பாடியின் கோட்டத்தறை பழங்குடி மருத்துவமனையிலும், இடுக்கிக்கானது மூணாறு அருகே சித்திராபுரத்திலும் அமைந்தன. அதே 2016-இல் அட்டப்பாடித் தாய்க்குலச் சங்கத்துப் பெண்கள் எல்லை தாண்டி ஆனைகட்டி டாஸ்மாக் முன் உட்கார்ந்து போராடினார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவன் எந்த வழியாக வருவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2017-இன் மனநலச் சட்டம் குடி, போதை சார்ந்த கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுத்துவிட்டது. கிருஷ்ணய்யர் பிறந்த நாளைக் கேரளம் நன்னடத்தை நாளாகக் கொண்டாடுகிறது. ஆக, சட்டம் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, விழாவும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையன் ஒரு குற்ற வழக்கில் மாட்டினால், ஜாமீனுக்கு மட்டும் வக்கீலிடம் ஓடாதீர்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் நீதிமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.